முதலாளியின் பங்கு

ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புகிற சலவையகம் அது. அங்கே நாற்பது பேருக்குச் சம்பளம் போடுகிறவளை எல்லோரும் கணக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுடைய கணவனும் அதே இடத்தில்தான், கொதிகலன் அறையில், வேலை பார்த்தான். வீட்டில்கூடச் சில சமயம் வாய் தவறி அவளைக் கணக்கம்மா என்று கூப்பிட்டுவிடுவான்.

சம்பளம் போடுவது பெரிய வித்தை இல்லை. ஓய்வூதியத்துக்குப் பிடிப்பதில்தான் மனவருத்தமெல்லாம் வரும். சட்டப்படி, தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு அவருடைய பங்கு. அதே சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு, முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டிய பங்கு. அங்கே அநேகமாக எல்லோரும் வாங்கிய முப்பதாயிரத்துக்கு இரண்டாயிரத்து நானூறு பிடிக்க வேண்டும்; முதலாளி மூவாயிரத்து அறுநூறு போட வேண்டும். முதல் தொகையைப் பார்த்துத் தொழிலாளிகள் முகம் சுளிப்பார்கள். இரண்டாவதைப் பார்த்து முதலாளி சுளிப்பார். மாதாமாதம் இரண்டு சுளிப்பையும் பார்ப்பது கணக்கம்மாவின் வேலையில் சேர்த்தி.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மடிக்கணினியும் கையுமாக ஓர் ஆலோசகர் வந்து சேர்ந்தார். பங்குத்தொகையை அடிப்படைச் சம்பளத்தின் மேல்தானே கணக்கிடுகிறார்கள், அடிப்படை எவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்கள், நாம்தானே என்றார். அவர் சொன்னபடி முப்பதாயிரத்தில் பன்னிரண்டாயிரம் மட்டும் அடிப்படை ஆனது. மீதிப் பதினெட்டாயிரத்துக்குப் போக்குவரத்துப் படி, உடைப் படி, வெப்பப் படி என்று பெயர் வைத்தார்கள். குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்த கணக்கம்மாவுக்கும் வெப்பப் படி கிடைத்தது.

தொழிலாளிக்குப் பிடிப்பது தொள்ளாயிரத்து அறுபதாகக் குறைந்தது. கைக்கு வருவது ஆயிரத்து நானூற்று நாற்பது கூடியது. முதலாளிக்கு ஒவ்வொரு தலைக்கும் இரண்டாயிரத்து நூற்று அறுபது மிச்சம். நாற்பது பேரும் வரிசையில் நின்று சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார்கள். கணவன் அன்று மாலை கேக் வாங்கி வந்தான்.

கணக்கம்மா முதலாளியிடம் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். எல்லோருக்கும் மாதம் தவறாமல் கொடுக்கிற படியைச் சட்டம் சம்பளமாகத்தான் பார்க்கும் என்றாள். ஆலோசகருக்குத் தெரியாததா என்று கேட்டார் முதலாளி. அவருக்குக் கட்டணமும் கொடுத்தாகிவிட்டது. அவள் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே முதலாளியிடம் வேலை பார்க்கும்போது வாயை அளந்துதான் திறக்க முடியும்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் யாருக்கும் சம்பளம் உயரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், அதான் கைக்குக் கூட வருதே என்று பதில் கிடைத்தது.

சலவையகத்தில் முதலாளிக்கு அடுத்தபடி எல்லோரும் பயப்படுகிற ஆள் பெரியக்கா. முதலாளியின் கூடப்பிறந்த அக்கா. சலவையகத்தைத் தொடங்கியது அவர்களுடைய அப்பா. அவர் காலமானபோது சலவையகம் மகனுக்கு வந்தது. தேய்ப்புப் பகுதி மகளுக்கு வந்தது. அதாவது, அதை மேற்பார்வை பார்க்கிற வேலை வந்தது. அப்பா காலத்திலிருந்தே அங்கே நின்றவர்தான் என்பதால் பெரியக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கணவர் சின்ன வயதிலேயே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை, சலவையகத்துக்குப் பின்புறத் தெருவில் வாடகை வீடு. விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் அறையின் அந்தக் கோடியிலிருந்தே அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். படிகள் வந்த அன்று அவரும் வரிசையில் நின்றுதான் கையெழுத்துப் போட்டார்.

முப்பது வருடச் சேவை முடிந்து பெரியக்கா ஓய்வு பெற்றார். கொஞ்ச நாளில் ஓய்வூதிய ஆணையும் வந்தது. மாதம் ஐயாயிரத்து நானூறு. அதை எடுத்துக்கொண்டு நேராகக் கணக்கம்மாவின் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"இது யாரு போட்ட கணக்கு?"

"ஓய்வூதிய ஆபீஸ்ல போட்டது, பெரியக்கா. ஆனா சம்பள விவரம் அனுப்பினது நான்தான்."

"கூட்டல் கழித்தல் எல்லாம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"அப்ப உன் மேல தப்பில்ல" என்றார் பெரியக்கா. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது கணக்கம்மாவுக்கு.

எப்படி இவ்வளவு குறைந்தது என்று அவர் கேட்க, இவள் விளக்கினாள். ஒரு வருடச் சேவைக்கு நூற்றுக்கு ஒன்றரை. முப்பது வருடத்துக்கு நாற்பத்தைந்து. எதில் நாற்பத்தைந்து என்றால், கடைசி ஐந்து வருடம் எந்தச் சம்பளத்தின் மேல் பங்குத்தொகை கட்டினோமோ அதன் சராசரியில். அந்த ஐந்து வருடமும் கட்டியது பன்னிரண்டாயிரத்தின் மேல். முப்பதாயிரத்தின் மேல் கட்டியிருந்தால் பதின்மூவாயிரத்து ஐந்நூறு வந்திருக்கும்.

"அப்ப குறையிறது எட்டாயிரத்து நூறு."

"ஆமா."

"மாசாமாசமா?"

"மாசாமாசம். நீங்க இருக்கிற வரைக்கும்."

பெரியக்கா அந்த ஆணையை ஓரத்தோடு ஓரம் பொருத்தி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்து நடந்ததை முதலாளியே திங்கட்கிழமை கணக்கம்மாவிடம் வந்து சொன்னார். வேறு யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலும். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா ஒரு பெட்டியும் ஓர் இஸ்திரிப் பெட்டியுமாக வீட்டு வாசலில் வந்து இறங்கியிருக்கிறார். வாடகை வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "மாசம் எட்டாயிரத்து நூறு எனக்குக் குறையுது தம்பி. மாடி ரூமும் மூணு வேளைச் சாப்பாடும் அதுக்குச் சரியா இருக்கும். கூடப் போச்சுன்னா சொல்லு" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டாராம். கோபம் கிபம் எதுவும் இல்லையாம். அதுதான் முதலாளிக்கு உதைத்தது.

முதலாளி எட்டாயிரத்து நூறை உறையில் போட்டு நீட்டிப் பார்த்தார். மாதாமாதம் தருகிறேன், பழைய வீட்டுக்கே போய்விடு என்றார். பெரியக்கா உறையைத் தொடவில்லை. நீ கொடுத்தால் அது தானம், ஆபீசு கொடுத்தால்தான் ஓய்வூதியம் என்றார். நாளைக்கே உனக்கு மனசு மாறலாம், மாடி ரூம் எங்கேயும் போகாது என்றும் சொன்னார்.

நாள் போகப் போக அந்த வீடு தேய்ப்புப் பகுதியாக மாறியது. பெரியக்கா விடிவதற்கு முன் எழுந்து திரைச்சீலைகளைக் கழற்றித் தேய்த்து மாட்டினார். மேசை விரிப்பு, தலையணை உறை, முதலாளியின் கைக்குட்டை, வேலைக்காரப் பெண்ணின் துப்பட்டா எதுவும் தப்பவில்லை. முதலாளியம்மா கட்டிலில் சாய்ந்துவிட்டு எழுந்தால் விரிப்பை இழுத்துச் சரிசெய்ய ஆள் தயாராக நின்றது. மாதக் கடைசியில், இந்த மாதம் இரண்டு வேளை வெளியே சாப்பிட்டேன், அதை அடுத்த மாதம் சேர்த்துக்கொள்கிறேன் என்று தம்பியிடம் ஒழுங்காகக் கணக்கும் ஒப்பித்தார்.

கடைசியில் ஒரு நாள் முதலாளியம்மா, சலவையகத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவர், கணக்கம்மாவின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அண்ணியைத் தப்பாகச் சொல்லவில்லை, தங்கமான மனுஷி, ஆனால் தன் வீட்டில் தனக்கு உட்கார ஓர் இடம் இல்லை என்றார். அந்த ஓய்வூதியத்தை ஏற்ற ஏதாவது வழி உண்டா என்று கேட்டார்.

உண்டு என்றாள் கணக்கம்மா. கட்டாமல் விட்ட ஐந்து வருடப் பங்குத்தொகையைக் கட்டினால் திருத்திக் கொடுப்பார்கள். பெரியக்காவுக்கு மட்டும் பதினெட்டாயிரத்துக்கு நூற்றுக்கு இருபது, மாதம் மூவாயிரத்து அறுநூறு, அறுபது மாதத்துக்கு இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம். தொழிலாளி பங்கையும் முதலாளியேதான் கட்ட வேண்டும். போன மாதங்களுக்கு இப்போது யார் சம்பளத்திலும் பிடிக்க முடியாது. வட்டி தனி.

"அவ்வளவுதானே? கட்டச் சொல்றேன்" என்றார் முதலாளியம்மா, கைப்பையைத் திறக்காத குறையாக.

"ஒருத்தருக்கு மட்டும் கட்ட முடியாதும்மா. படி சம்பளம்தான்னு ஒருத்தர் விஷயத்துல ஒத்துக்கிட்டா, நாப்பது பேருக்கும் அதான்."

அன்று மதியமே முதலாளி வந்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டார். கணக்கம்மா எழுதிக் கொடுத்தாள். அவர் அந்த எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் அப்படியே இருந்தது. ஆலோசகருக்குத் தொலைபேசியில் பேசினார். ஆலோசகர் அந்தத் தொழிலை விட்டுவிட்டு வீட்டுமனை விற்கப் போயிருந்தார். நல்ல மனை ஒன்று கைவசம் இருப்பதாகச் சொன்னார்.

முதலாளி இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார். மூன்றாவது வாரம் கணக்கம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனார். வீட்டில் என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. அவர் சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. தானாக வந்து ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அபராதம் குறைவு, தவணையும் உண்டு என்றார் அங்கிருந்த அதிகாரி. முதலாளி எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டார்.

நல்லது நடந்தது என்றுதான் கணக்கம்மா நினைத்தாள். அந்த மாதச் சம்பளம் போட்ட மறுநாள் தொழிலாளிகள் எல்லோரும் அவள் அறை வாசலில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஆயிரத்து நானூற்று நாற்பது குறைந்திருந்தது. வேன் ஓட்டுநர்தான் எல்லோருக்குமாகப் பேசினார். கூட்டத்தின் பின்வரிசையில் சுவரைப் பார்த்தபடி நின்ற ஆள் அவளுடைய கணவன். அன்று காலை அவன் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுக்காமல் வந்திருந்தான்.

உங்களிடம் பிடிப்பது ஆயிரத்து நானூற்று நாற்பது என்றால் முதலாளி கூடுதலாகப் போடுவது இரண்டாயிரத்து நூற்று அறுபது, இரண்டும் உங்கள் பெயரில்தான் சேர்கிறது என்று அவள் விளக்கினாள். வேன் ஓட்டுநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் சரிம்மா. அறுபது வயசுல நான் இருக்கணுமே."

முதலாளியும் சத்தம் கேட்டு வந்து ஓரமாக நின்றார். இவர்களே வேண்டாம் என்றால் விட்டுவிடலாமே என்ற நப்பாசை அவர் முகத்தில் தெரிந்தது. அவருக்குப் பின்னால் பெரியக்கா வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் பொழுது போகாமல் தம்பியின் காரிலேயே தினமும் வந்து தேய்ப்புப் பகுதியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"இல்லாமப் போயிட்டா கவலையே இல்ல. இருந்துட்டா?" என்றார் பெரியக்கா. "எனக்குத் தம்பி வீடு இருந்துச்சு, போய் உக்காந்துட்டேன். நீங்கள்லாம் யார் வீட்டுல போய் உக்காருவீங்க?"

வேன் ஓட்டுநர் முதலாளியை மேலும் கீழும் பார்த்தார்.

"சார் வீட்டுல மொத்தம் எத்தன ரூம்?"

"அஞ்சு. ஒண்ணுல நான் இருக்கேன்" என்றார் பெரியக்கா.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து வருடமாகக் கொடுக்காத சம்பள உயர்வில் ஒரு பகுதியை அடுத்த மாதத்திலிருந்து தருவதாக அங்கேயே நின்ற வாக்கில் சொன்னார். அந்த உயர்வு முழுவதும் அடிப்படையில் என்று கணக்கம்மா குறுக்கே ஒரு வார்த்தை சொன்னாள். அவர் அவளைப் பார்த்துவிட்டு, ஆமாம், அடிப்படையில் என்றார். கூட்டம் கலைந்தது.

திருத்திய ஆணை வர இன்னும் சில மாதங்கள் ஆயின. பதின்மூவாயிரத்து ஐந்நூறு. ஓய்வு பெற்ற நாளிலிருந்து பதினொரு மாதத்துக்குக் குறைந்ததையும் மொத்தமாகப் பெரியக்காவின் வங்கிக் கணக்கில் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை அவர் அந்தத் தொகையை முழுவதுமாக எடுத்துவந்து, கணக்கம்மாவின் எதிரில், தம்பியின் முன்னால் வைத்தார்.

"எண்பத்தொம்பதாயிரத்து நூறு. எண்ணிக்கோ."

முதலாளி எழுந்தே விட்டார். என்ன அக்கா இது, நான் கேட்டேனா என்றார்.

"நீ கேக்கலடா. ஆனா அந்தப் பதினொரு மாசத்துக்கு உன் வீட்டுல சாப்பிட்டாச்சு. ஆபீசும் குடுத்துடுச்சு. ரெண்டு பக்கமும் வாங்கக் கூடாது."

முதலாளி அந்த நோட்டுக் கட்டுகளைக் கையில் எடுத்தார். அப்பா இருந்திருந்தால் என்று ஏதோ ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார். பிறகு கணக்கம்மாவிடம், இதை அடுத்த தவணையில் கட்டிவிடம்மா என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

பெரியக்கா பழைய தெருவிலேயே, முன்னதைவிடச் சற்று வெளிச்சமான வீட்டுக்குக் குடிபோனார். முதலாளியம்மாவே காரில் கொண்டுபோய் விட்டுவந்தார். அடுத்த வாரமே, திரைச்சீலை ஏதோ மாதிரித் தொங்குகிறது, வந்து பார்க்க முடியுமா என்று அண்ணிக்குத் தொலைபேசியில் கேட்டாராம்.

கணக்கம்மாவின் கணவன் வேலை விஷயம் தவிர அவளிடம் பேசுவதில்லை என்று வைத்திருந்தான். உயர்வு கைக்கு வந்த பிறகும் அந்த வைராக்கியம் கொஞ்ச நாள் நீடித்தது. ஒரு நாள் மாலை சாப்பிட உட்கார்ந்தவன், தட்டைப் பார்த்துக்கொண்டே, அறுபதில் எனக்கு எவ்வளவு வரும் என்று கேட்டான். அவள் சொன்னாள். உனக்கு என்று கேட்டான். அதையும் சொன்னாள். அவன் இரண்டையும் மனதுக்குள் கூட்டினான், உதடு அசைந்தது.

"ரெண்டு பேருதும் சேந்தா பரவால்ல" என்றான்.

"ரெண்டு பேரும் இருக்கணும்."

"இருப்போம்" என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவ எழுந்து போனான்.