மெயினில் நாலு மணி

பின்னேரம் நாலு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சிவமலர் அடுப்பை அணைத்துவிடுவாள். கறி அரைவேக்காட்டில் கிடந்தாலும் சரி, வாசலில் ஆள் வந்து நின்றாலும் சரி. கையைத் துடைத்துக்கொண்டு, டேப்லெட்டைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஒரு சின்னத் துறைமுகத்தைத் திறப்பாள். அங்கே யாரோ ஒரு புண்ணியவான் கமெராவைப் பூட்டி, கடலையும் வெளிச்சவீட்டையும் ஒரு கம்பி வேலியையும் உலகத்துக்கெல்லாம் இலவசமாகக் காட்டிக்கொண்டிருக்கிறான். நாலு மணிக்கு ஒரு மனிதர் வருவார். நீலக் குளிரங்கி, கம்பளித் தொப்பி. கமெராவுக்கு முதுகைக் காட்டியபடி கம்பியில் இரண்டு கையையும் ஊன்றி இருபது நிமிடம் நிற்பார். பிறகு போய்விடுவார். மூன்று வருடமாக இதுதான் நடக்கிறது. ஜெர்மனியில், ஹம் நகரத்தின் ஒரு மூன்றாம் மாடிச் சமையலறையில் இருந்துகொண்டு சிவமலர் அந்த முதுகையே பார்த்திருப்பாள். அது தன் தம்பி கதிர்காமநாதனின் முதுகு என்பதில் அவளுக்கு அரிசிமணியளவும் சந்தேகமில்லை.

மெயினில் கால் வைக்காமலே மெயினைக் கரைத்துக் குடித்தவள் அவள். பத்தில் ஒன்பது பங்கு காடு, மாநிலத்தின் செல்லப்பெயரே பைன் மர மாநிலம். பதினாலு லட்சம் சனம், அதிலும் பாதிப் பேர் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். மரத்தை நம்பியிருந்த பேப்பர் ஆலைகள் ஒவ்வொன்றாய்ப் பூட்டுப்பட, மிச்சப் பேர் சிங்க இறாலையும் புளூபெரியையும் கோடையில் வரும் சுற்றுலாக்காரரையும் நம்பிக் காலம் தள்ளுகிறார்கள். அக்காடியா தேசியப் பூங்கா மலையில் விடியற்காலை ஏறி நின்றால் அமெரிக்காவில் முதல் ஆட்களாய்ச் சூரியனைப் பார்க்கலாம். பனிக்காலத்தில் வேலையில்லை, வசந்தத்தில் கறுப்பு ஈ கடிக்கும். இவ்வளவையும் ஹம்முக்குப் பக்கத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் தேருக்குப் பின்னால் நடந்துகொண்டே ஆருக்கும் சொல்லுவாள். அமெரிக்காவிலிருந்து வந்த சனத்தைக் கண்டால் விடமாட்டாள். "நீங்கள் மெயின் பக்கமோ?" என்பாள். எல்லாரும் நியூஜேர்சிக்காரராய் இருந்து தொலைப்பார்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரேயொரு கடிதம். எண்பத்தொன்பதில் ஏஜென்சிக்காரன் அமெரிக்கா என்று சொல்லித்தான் தம்பி கதிரைக் கூட்டிக்கொண்டு போனான். நாலு மாதம் சத்தமில்லை. பிறகு யூட் என்ற ஒருவன், பாதி வழி போய்த் திரும்பி வந்தவன், சட்டைப் பைக்குள் மடித்த கடிதத்தை யாழ்ப்பாணத்தில் அவள் கையில் கொடுத்தான். தபால் முத்திரை இல்லை, விலாசம் இல்லை. அதற்குப் பிறகு ஊரே இடம்பெயர்ந்தது. வீடு போனது, யூட்டும் எங்கே போனானோ தெரியாது. தொண்ணூற்றொன்றில் சிவமலர் கலியாணம் கட்டி ஜெர்மனிக்கு வரும்போது கொண்டுவந்தது இரண்டு சேலையும் அந்தக் கடிதமும்தான். செஞ்சிலுவைக்கு எழுதினாள், அமெரிக்கச் சங்கங்களுக்கு எழுதினாள். மெயினில் அப்படி ஓர் ஆள் இல்லை என்று எல்லாரும் மரியாதையாகப் பதில் போட்டார்கள்.

இப்போது மகள் தேனுஜாவுக்கே மெயினில் வேலை கிடைத்திருக்கிறது, ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தில். இரண்டு கிழமையில் பயணம். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று சிவமலர் அழுதாள். சாமித்தட்டை விட்டு ஒருநாளும் வெளியே வராத கடிதத்தை அன்றைக்கு எடுத்துவந்து மகளின் கையில் வைத்தாள்.

"மாமாவைக் கண்டால் இதைக் காட்டு. உன்னை அவருக்குத் தெரியாது, கடிதத்தைத் தெரியும்."

நாலு மணி ஆகியிருந்தது. டேப்லெட்டில் நீலக் குளிரங்கி வந்து நின்றது. தேனுஜா எட்டிப் பார்த்தாள்.

"ஓம், ஒராள் நிக்கிறார். ஆரோ நடக்க வாற கிழவர் அம்மா."

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் தேனுஜாவுடையது. ஒவ்வொரு எழுத்தாய் விரலை வைத்து உரத்துத்தான் வாசிப்பாள். கடிதத்தையும் அப்படியே வாசித்தாள். "அக்கா, நான் மெயினுக்கு வந்து சேர்ந்திட்டன். இஞ்ச ஆறு பெரிசு, கப்பலெல்லாம் போகுது. ஆத்தங்கரையில சிவப்புக் கல்லுக் கோட்டை ஒண்டு, நாலு மூலையிலும் கோபுரம். விலாசம் மாறிக்கொண்டே இருக்கு. எங்கட சனம் ஆரும் இந்தப் பக்கம் வந்தால், பின்னேரம் நாலு மணிக்குப் பாலத்துக்கு வரச் சொல்லு. ஒவ்வொரு நாளும் நிப்பன்."

வாசித்து முடித்தவள் நிமிரவில்லை. திரும்ப முதல் வரிக்குப் போனாள்.

"அம்மா, மெயினில சிவப்புக் கல்லுக் கோட்டை எங்க இருக்கு?"

"அதுதான் பிள்ளை எனக்கும் பிடிபடேல்லை. அங்கத்தைக் கோட்டையெல்லாம் சாம்பல் கல்லு. பாலத்துக்குக் கமெரா இல்லை, அதுதான் துறைமுகத்தைப் பாக்கிறன்."

தேனுஜா தன் கைபேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்து மேசையில் வைத்தாள். பெரிய ஆறு, கரையில் சிவப்புக் கல் மாளிகை, நாலு மூலையிலும் கோபுரம்.

"இது அஷாஃபன்புர்க். ஸ்கூலில கூட்டிக்கொண்டு போனவை. மியூனிக் போற ரயில் நிக்கிற இடம்தான், இஞ்ச இருந்து காரில மூண்டு மணித்தியாலம். இந்த ஆத்துக்கு என்ன பேர் அம்மா?"

"மைன்."

"ஜெர்மன்காரன் மைன் எண்டுவான். நேற்று வந்திறங்கின தமிழன் பலகையைப் பாத்து என்னெண்டு வாசிப்பான்?"

மெயின் என்றுதான் வாசிப்பான். சிவமலர் முப்பது வருடமாய் எம், ஏ, ஐ, என் என்ற அந்த நாலு எழுத்தை ரயில்நிலையப் பலகைகளில் பார்த்தவள்தான். கண் பார்த்ததைக் காது மைன் என்று கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். அஷாஃபன்புர்க் ஸ்டேஷனில் ரயில் நின்றபோதெல்லாம் போத்தலைத் திறந்து தேத்தண்ணி குடித்திருக்கிறாள். ஒருமுறை, பின்னேரம்கூட. அவன் பாலத்தில் நின்றிருப்பான். கட்டாயம் நின்றிருப்பான், சொன்ன சொல் தவறாத மடையன். தன் கன்னத்தில் தானே அறைய வேண்டும்போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

தேனுஜா டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"அம்மா, அங்க இப்ப காலமை பத்து மணி எல்லோ?"

"ஓம். முதல்ல அங்கத்தை நாலு மணிக்குத்தான் பாத்தனான், ஆருமில்லை. ஒருநாள் மறந்துபோய் இஞ்சத்தை நாலு மணிக்குத் திறந்தன். நிண்டார்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும்."

"அக்டோபரில இஞ்ச மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாத்தின பிறகு, அங்க மாத்த ஒரு கிழமை செல்லும். அந்தக் கிழமை?"

சிவமலர் யோசித்தாள். அந்தக் கிழமையும் அவர் பிந்தவில்லை, முந்தவுமில்லை. இங்கே மணிக்கூட்டை மாற்ற, அவரும் மாற்றிக்கொண்டு, அங்கே பதினொரு மணியானபோது வந்திருந்தார். தாயும் மகளும் அந்த முதுகையே பார்த்திருந்தார்கள். இருபது நிமிடம் முடிய அவர் போனார்.

அடுத்த நாளே, மத்தியானம் பன்னிரண்டுக்கு வெளிக்கிட்டார்கள். வழியெல்லாம் சனவரி மாதத்து மூடுபனி, வயலும் மரமும் வெள்ளை பூத்துக் கிடந்தன. தேனுஜா விடாமல் கதைத்தாள், நகரசபையில் பழைய பதிவு இருக்கும், அதிகாரியைச் சந்திக்க டெர்மின் எடுக்கலாம், அகதி முகாம் எங்கே இருந்தது என்று கேட்கலாம் என்று. சிவமலர் ஓம் ஓம் என்றாளே தவிர ஒன்றும் காதில் ஏறவில்லை. முப்பத்தைந்து வருடம் ஒரு மனிசன் பாலத்தில் நிற்பானா? அப்படி நின்றவனிடம் என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது? இல்லாவிட்டால் முதல் பனிக்காலத்தோடேயே அவன் முடிந்துபோனானா? இரண்டில் எது உண்மையாய் இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

நாலுக்குப் பத்து நிமிடம் இருக்க, மகள் அவளைப் பாலத்தடியில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போனாள். சிவமலர் தனியாகப் பாலத்தில் ஏறினாள். சிவப்புக் கோட்டை பனிக்குள் பாதி தெரிந்தது. கீழே ஒரு சரக்குக் கப்பல் சத்தமில்லாமல் போனது. பாலத்தில் இந்த அந்தம் தொடங்கி அந்த அந்தம் வரை ஒரு குருவிகூட இல்லை.

கோட்டைப் பக்கம் எங்கோ ஒரு மணி நாலு தரம் அடித்தது. பழக்கதோஷம், கை தானாகக் கைபேசியை எடுத்தது. துறைமுகம் திறந்தது. கடல் இருந்தது, வெளிச்சவீடு இருந்தது. கம்பி வேலியில் இரவு பெய்த பனி அப்படியே குவிந்திருந்தது, கை பட்ட அடையாளமே இல்லை. ஐந்து நிமிடம் பார்த்தாள். மூன்று வருடத்தில் முதல்தரமாக அந்த மனிதர் வரவில்லை.

கைபேசியை மூடிவிட்டு அவள் நடந்தாள். பாலத்தின் கம்பி முழுக்க உறைபனி, விரல் நுனியளவுக்கு வெள்ளை முள்ளாய்ப் பூத்திருந்தது. நடுப்பாலத்தில், கோட்டைக்கு நேரே, இரண்டு இடத்தில் மட்டும் பனி இல்லை. இரண்டும் ஒவ்வொரு உள்ளங்கை அகலம். அவற்றுக்கு நடுவே ஒரு மனிதன் நிற்கக்கூடிய இடைவெளி. பின்னால் தேனுஜா "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தாள். சிவமலர் திரும்பவில்லை. கையுறையைக் கழற்றி, அந்த இரண்டு இடத்திலும் தன் இரண்டு கைகளையும் வைத்தாள். இரும்பு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.