அழித்த வரியும் பச்சைப் பேனாவும்

1

ஒரு வரியை அழித்தவன் நான். அதை எங்கேயாவது திரும்ப எழுதியாக வேண்டும் என்பதால்தான் இந்தக் கதை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வோல்ட்டா நதியின் மேல் காலை வெயில் பொன்னாக..." (வேண்டாம். வக்கீலம்மா பார்த்தால் அடித்துவிடுவார்.)

வக்கீலம்மா என்பது அக்பெனே. கானாவில் உள்ள எங்கள் பல்கலைக்கழகத்துக்கு முப்பத்தொரு வருடம் வழக்கறிஞராக இருந்தவர். துணைவேந்தரே கடிதம் அனுப்பினாலும், வேண்டாத சொற்களைப் பச்சை மையில் அடித்துத் திருப்பி அனுப்புவார்.*

* என் விடுப்புக் கடிதத்தில் மூன்று 'பணிவுடன்' இருந்தன. இரண்டு போயின.

2

அவர் ஓய்வு பெற்றபோது பாராட்டு மடல் எழுதும் வேலை செலாசிக்கு வந்தது. பதிவாளர் அலுவலகத்தில் புதியவள், இன்னும் நிரந்தரமாகாதவள். பத்து வருடங்களுக்கு முன், விடுதியில் தண்ணீர் கேட்டு மறியல் செய்ததால் நீக்கப்பட்ட பதினான்கு மாணவர்களில் ஒருத்தி. அவர்கள் தொடுத்த வழக்கில் பல்கலைக்கழகத்துக்காக எழுந்த வக்கீலம்மா, "இவங்களை விசாரிக்காமலே நீக்கிட்டோம். எங்க பக்கம் சொல்ல ஒண்ணுமில்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பதினான்கு பேரும் வகுப்புக்குத் திரும்பினார்கள்.

செலாசி அதை மடலில் எழுதினாள். பதிவாளர் நார்ட்டே முகம் சுளித்தார்.

"ஏம்மா, இது நாம தோத்த கேஸ். விருந்துக்குக் கூப்பிட்டு வச்சு இதையா படிக்கிறது?"

"அவங்க செஞ்சதிலேயே பெருசு இதுதான் ஐயா."

"உன் நிரந்தர ஆர்டர் என் மேசைலதான் கிடக்கு, தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா. வரி இருக்கட்டும்."

(இங்கே அவளைக் கொஞ்சம் தயங்கவைத்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. தயங்கியவன் நான்தான்.)

அவள் போனதும் பதிவாளர் காகிதத்தை அலுவலகத் தட்டச்சரான என்னிடம் நீட்டினார். அந்த வரியை எடுத்துவிட்டு, 'ஒரு வழக்கிலும் தோற்றதில்லை' என்று தட்டினேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் தட்டினேன்.

3

விருந்தில், எங்கள் வழக்கப்படி, மடல் வாசித்து முடியும்வரை எல்லோரும் நிற்க வேண்டும். பெறுபவர் ஃப்ரேம் போட்ட மடலைச் சிரித்தபடி வாங்கிக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்க வேண்டும். வக்கீலம்மா சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஃப்ரேமைக் கழட்டுங்க."

"வக்கீலம்மா, போட்டோக்காரர் காத்திட்டிருக்கார்..." என்றார் பதிவாளர்.

"காத்திருக்கட்டும். முப்பத்தொரு வருஷமா நான் படிக்காம எதையும் வாங்கினதில்ல."

என் வரியைப் பச்சை மையில் அடித்தார்.

"ஒரு கேஸ்ல தோத்தேன். சந்தோஷமா தோத்தேன். இதைத் தட்டினது யாரு? வந்து உள்ளதை எழுதுங்க."

பேனாவை நீட்டியபடி நின்றார். பதிவாளர் என்னைப் பார்த்தார். செலாசியும் பார்த்தாள்.

4

முடிவு ஒன்று: நான் முன்னால் போய்ப் பேனாவை வாங்கி

முடிவு இரண்டு: நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு

எது நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழித்த வரி மேலே இரண்டாம் பகுதியில் இருக்கிறது. இனி எந்தப் பதிவாளரும் அதை எடுக்க முடியாது.

பேனா இப்போது உங்கள் பக்கம் நீண்டிருக்கிறது. உங்கள் ஆர்டரும் யாருடைய மேசையிலாவது கிடக்கும். விருந்துக்குச் சமைத்த ஜொலோஃப் தக்காளிச் சோறு ஆறுகிறது, எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறோம். எழுதுங்கள்.