எந்தப் புத்தரிடம் வேண்டினாள்

மூன்றாவது கோயிலிலும் புவாலாய் முட்டைக் கூடையைக் கீழே வைக்கவில்லை. வாசலில் நின்றபடியே புத்தரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். உதடுகள் இன்னும் கொஞ்சம் தடித்திருந்ததாக நினைவு. செருப்பை மாட்டிக்கொண்டு வண்டிக்குத் திரும்பினாள்.

“இவரும் இல்லையா?” ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்த தங்கை கம்பான் கேட்டாள். “ஒரே நாள்ல ஒன்பது கோயில் ஏறி இறங்குனா இப்படித்தான். அவருக்காவது உன் முகம் ஞாபகம் இருக்கான்னு கேட்டுப் பாரேன்.”

“சிரிக்காதடி. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு அலையறேன்.”

ஜனவரி முதல் தேதி சியாங் ராயில் ஒன்பது கோயில்களைச் சுற்றியபோது, ஏதோ ஒன்றில் மண்டியிட்டு வேண்டியிருந்தாள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் மகன் தனினுக்குக் கறுப்புச் சீட்டு வர வேண்டும். வந்தால் ஒரு கூடை அவித்த முட்டை. ஏப்ரலில் கறுப்பே வந்தது, அவன் வீட்டோடு இருந்துவிட்டான். அடுத்து நின்ற பையனுக்குச் சிவப்பு. அவனுடைய அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புவாலாய் பார்க்காதவள்போல் மகனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பிறகு நடவு, மழை, வெள்ளம் என்று வேண்டுதல் தள்ளிப்போயிற்று. போன வாரம் தனின் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. ஒருவருக்குப் படைத்ததை எடுத்து இன்னொருவருக்குப் படைக்க முடியாது. ஆளைச் சரியாகக் கண்டுபிடித்தாக வேண்டும்.

மலைக்கோயிலில் இருந்து பார்க்கையில் பள்ளத்தாக்கு முழுவதும் மேகம் பரந்து கிடந்தது. கம்பான் படம் எடுத்தாள். புவாலாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆற்றங்கரைக் கோயிலில் நுழைந்ததும் கூடையோடு அப்படியே நின்றுவிட்டாள். அதே உதடுகள். இவர்தான்! பீடம்வரை வெள்ளம் ஏறி வடிந்த சேறு. மொட்டைத் தலைப் பையன்கள், புதிதாகப் பட்டாளத்துக்குப் போனவர்கள், அதை வாரி முடித்து வெளியே லாரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“ஏறுங்கடா! அடுத்த கோயில்ல இதைவிட சேறு!” என்று கத்தினார் மேலதிகாரி.

“சார், சோறு?”

“பாலம் உடைஞ்சு கிடக்கு. சோறு நீந்தியா வரும்?”

சிரித்தார்கள். ஒருவன் மட்டும் அவளுடைய கூடையைப் பார்த்துவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

புவாலாய் புத்தரைப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள். படைத்ததை, கொளுத்திய பத்தி எரிந்து தீர்ந்த பிறகுதான் எடுத்துக் கொடுக்கலாம். அதுவரை இவர்கள் நிற்கமாட்டார்கள்.

“அக்கா! அது வேண்டுதல் முட்டை!” கம்பான் அவள் கையைப் பிடித்தாள். “தனினை நினைச்சுப் பாரு.”

“அவனைத்தான்டி நினைக்கிறேன்.”

முதல் முட்டையை நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தப் பையன் கையைப் பின்னுக்கு இழுத்தான்.

“கையெல்லாம் சேறு, பெரிம்மா.”

“வாயைத் திற.”

லாரியின் பின்கதவில் தட்டி ஓட்டை உரித்து அவன் வாயில் வைத்தாள். இன்னொருவன் குனிந்தான். என்ஜின் உறுமியது. வண்டி நகர, கணுக்கால்வரை சேற்றில் புதையப் புதைய, கூடவே நடந்துகொண்டு அவள் அடுத்த முட்டையை உரித்தாள்.