கள்ளிக்குத் தண்ணீர்

கள்ளியை யாராவது தொட்டியில் வைத்துச் சீராட்டுவார்களா? ராயபுரத்தில் தாவூது சீராட்டினார். தெருவே சிரித்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. சரக்குக் கப்பலில் வேலை. மெக்சிகோப் பக்கம் போனபோதெல்லாம் ஒன்றிரண்டு கொண்டுவந்து பதினொன்று சேர்த்துவிட்டார். ரயில் என்ஜின் கரிச்சாம்பலும் ஆற்றுமணலும் கலந்த மண். முள்ளில் படியும் புகைக்கரியைத் தட்ட ஒரு பழைய ஷேவிங் பிரஷ். கப்பலேறும்போது மனைவி அஜீசாவிடம் சொல்வது ஒன்றுதான்: "மாசத்துக்கு ரெண்டு தபா, ஒரு டம்ளர். மேல ஊத்துனா அழுகிப்பூடும்." ஆறு வருஷம் அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஒன்றுகூடச் சாகவில்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷக் கோடையில், மூன்று நாள் காய்ச்சலில் தாவூது போய்ச் சேர்ந்தார். அஜீசா கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தாவில் உட்கார்ந்தாள். நாலு மாசம் பத்து நாள் அறையை விட்டு வரக்கூடாது. அந்த வீட்டு வழக்கம் அப்படிக் கறார். அவளுக்கு அழுகை வரவில்லை. நாத்தனார் காத்தூன் பீவி வேளைக்குச் சோற்றை வைத்த கையோடு திரும்பிவிடுவாள். துக்கம் கேட்க வந்த சொந்தங்கள் நாற்பதாம் நாளோடு நின்றுவிட்டார்கள்.

காசிமேட்டு மீன்காரி மங்கம்மா மட்டும் நிற்கவில்லை. தாவூது அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கியவர். தினமும் காலையில் கொல்லைப்புறம் கூடையை இறக்கிவைத்து, தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை ஒவ்வொரு கள்ளித் தொட்டியிலும் ஊற்றுவாள். பிறகு ஜன்னலோரம் வருவாள்.

"செடிக்கு ஊத்திட்டேன் தங்கச்சி. நீ கவலப்படாத. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா."

அவ்வளவுதான் பேச்சு. தண்ணீர் விழும் சத்தத்தை அஜீசா டம்ளர் கணக்கில் எண்ணுவாள். மரத்துப்போன உடம்பில் அந்தச் சத்தம் ஒன்றுதான் உறைத்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவாள்.

இத்தா முடிந்த காலை கொல்லைக்கு வந்தாள். விரல் பட்டதும் பெரிய கள்ளி கூழாகச் சரிந்தது. அடுத்ததும் அப்படியே. பதினொன்றும் போயிருந்தன.

கூடையோடு வந்த மங்கம்மா பதறிப்போனாள். "அய்யய்யோ, ஒரு நாளு வுடாம ஊத்தினேனே!"

"அதுக்குத் தண்ணி ஆவாதுக்கா."

"தெரிஞ்சிகினேவா கம்முனு இருந்த? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ வரமாட்டியேக்கா" என்றாள் அஜீசா. சொன்ன பிறகுதான் அவளுக்கே அது தெரிந்தது.