இவர்தான் ஆர்லிஸ் ஹாப்குட்

நெல்டா ஓட்டுநர் உரிமத்தின் இரண்டு பாதிகளையும் சாப்பாட்டு மேசைமேல் சேர்த்துப் பிடித்து டேப் ஒட்டினாள். டேப் சரியாகப் படத்திலிருந்த ஆர்லிஸின் மூக்கின் மேல் ஓடியது. பிரித்து மறுபடி ஒட்டினாள். இப்போது ஒரு காது மேலே ஏறிக்கொண்டது.

உள்ளறையில் ஆர்லிஸ் முனகினார். மணி பத்தே கால். வலிக்காகப் பத்து மணிக்குக் கொடுத்திருக்க வேண்டிய மார்ஃபின், அளந்தபடியே சமையலறை ஜன்னலில் இருந்தது. அதைக் கொடுத்தால் சாயங்காலம்வரை கண் திறக்க மாட்டார் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கண் திறந்திருந்தால்தான் நோட்டரி முத்திரை குத்துவார். "முத்திரை விழட்டும், அப்புறம் குடிக்கிறேன்" என்று சொன்னவர் ஆர்லிஸ். அளந்ததைக் கொடுக்காமல் வைத்தவள் நெல்டா.

முத்திரை விழ வேண்டிய காகிதத்தில் இருந்தது ஒரே விஷயம். ஆர்லிஸ் செத்தபின் உடலை எங்கே அடக்கம் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை நெல்டாவுக்கு. அது இல்லாவிட்டால் முதல் தாரத்து மகன் ரஸ்ஸலுக்கு. டென்னசியில் குடும்பக் கல்லறையில் ரஸ்ஸல் இடம் பார்த்து, புல்லும் வெட்டி வைத்திருந்தான். ஆர்லிஸுக்கோ இந்த மேற்கு டெக்சாஸ் புழுதியில், வெர்னீஸுக்கு இடப்பக்கம் படுக்க வேண்டும். வெர்னீஸ் நெல்டாவின் அம்மா, ஆர்லிஸின் இரண்டாம் தாரம்; அவளை இங்கேதான் புதைத்திருந்தார்கள். ஏழு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்த நெல்டாவுக்கு இப்போது ஐம்பத்து நாலு. இந்த நாற்பத்தேழு வருஷத்தில் எந்தக் காகிதத்திலும் ஆர்லிஸ் அவளை மகள் என்று எழுதியதில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

நோட்டரி முந்தின நாளே போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார். "நானே வீட்டுக்கு வந்துடுவேன். அவர் முழிச்சிருக்கணும், என்னத்துல கையெழுத்து போடறோம்னு தெரிஞ்சிருக்கணும். நான் வர்றதுக்கு முன்னாடி யாரும் பேனாவைத் தொடக்கூடாது. போட்டோ போட்ட அட்டை ஒண்ணு வேணும். இருக்கா?"

"இருக்கு" என்றாள் நெல்டா. இருந்தது. இரண்டாக இருந்தது.

வெட்டியவள் அவளேதான். இரண்டு வருஷத்துக்கு முன் ஆர்லிஸ் தன் பிக்கப் வண்டியைப் பக்கத்து வீட்டு ஒலீட்டா கிரவுச்சின் வேலிக்குள் விட்டு, அவள் புருஷன் சாவதற்கு முன் தன் கையால் பற்றவைத்துச் செய்த இறைச்சி வாட்டும் அடுப்பை நசுக்கிவிட்டார். வேலிதான் குறுக்கே வந்தது, காற்று தள்ளிக்கொண்டு வந்தது என்றார். அந்த ஊர்க் காற்றை அறிந்தவர்கள் அதை ஒரேயடியாக மறுக்க மாட்டார்கள். ஒருமுறை அது பக்கத்து மாவட்டத்து ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை அப்படியே தூக்கி வந்து திங்கட்கிழமை காலை தன் முற்றத்தில் போட்டதாகவும், தான் தொப்பியைக் கழற்றிவிட்டு முழுவதும் கேட்டதாகவும் ஆர்லிஸ் சொல்வார். நெல்டா அன்றே உரிமத்தை எடுத்துக் கோழி வெட்டும் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டாள். வேலியில் விழுந்த ஓட்டையை யார் அடைப்பது என்ற சண்டை மட்டும் இன்றுவரை முடியவில்லை.

பத்தே முக்காலுக்கு நோட்டரி வந்தார். பெயர் டெல்பர்ட் ஹ்ருஸ்கா. அறுபது மைல் காரோட்டி வந்த புழுதி புருவத்தில் இருந்தது. கையில் ஒரு பெட்டி, முத்திரை, தடித்த பதிவேடு. ஒட்டுப்போட்ட அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது செல்லாதும்மா."

"ஆள் அவர்தான். உள்ளே வந்து மூஞ்சியைப் பாருங்க."

"வெட்டின அட்டை, இல்லாத அட்டை. பாஸ்போர்ட்?"

"மாவட்ட எல்லையைத் தாண்டறதுக்கே யோசிக்கிற மனுஷன்."

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. முனகல் அல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு விட்ட மூச்சு. நெல்டாவின் பார்வை ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது.

டெல்பர்ட் கழுத்தைத் தடவிக்கொண்டார். "இன்னொரு வழி இருக்கு. எனக்கு நேரடியாத் தெரிஞ்ச ஒருத்தர், இவரையும் தெரிஞ்சவரா இருக்கணும். அவர் கையைத் தூக்கி, இவர்தான் இன்னார்னு சத்தியம் பண்ணினாப் போதும். ஆனா இந்த ஊர்ல எனக்கு..."

சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பியவர் நின்றுவிட்டார். வேலி ஓட்டைக்கு அந்தப் பக்கம் இடுப்பில் கை வைத்தபடி ஒலீட்டா நின்று, வந்திருப்பது யார் கார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா எப்ப இங்க குடி வந்தாங்க?"

"ஒன்பது வருஷம் இருக்கும். தெரியுமா?"

"என் பழைய மாமியார்" என்றார் டெல்பர்ட். "தேவைக்கு மேலேயே தெரியும்."

நெல்டா இரண்டு வருஷமாகக் கால் வைக்காத ஓட்டை வழியாக ஓடினாள். என்ன சொன்னாளோ, ஒலீட்டா ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் பின்னாலேயே வந்தாள்.

"வாங்க அத்தை" என்றது டெல்பர்ட்டின் வாய், அவரைக் கேட்காமல்.

"அத்தையா? அந்த உத்தியோகத்துலேருந்து என்னை நீ எடுத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. இப்பவாவது ஒழுங்கா ஒரு வேலை பாக்கறியா?"

"ஊர் ஊரா முத்திரை குத்தறேன்."

"ஒரு இடத்துல நிக்காத பய, சரியான வேலைதான் பிடிச்சிருக்கே."

மூவரும் உள்ளே போனார்கள். ஆர்லிஸின் முகம் வியர்வையில் பளபளத்தது. போர்வை விளிம்பை ஒரு கை முறுக்கிக்கொண்டிருந்தது. ஒலீட்டாவைக் கண்டதும் முறுக்கு நின்றது.

"அடுப்புக்கு நியாயம் கேட்டு வந்தியா?"

"படுத்துக்கிட. உனக்காக ஒண்ணும் வரல."

டெல்பர்ட் ஒலீட்டாவின் அட்டையை வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார். "இந்தக் காகிதத்தால உங்களுக்கு ஏதாவது லாபம் உண்டா?"

"இந்த ஆளை என் பக்கத்துல புதைக்காத வரைக்கும் எனக்கு லாபந்தான்."

"உண்டு இல்லைன்னு சொல்லணும்."

"இல்லை."

"வலது கையைத் தூக்குங்க. இவர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஒலீட்டா கையைத் தூக்கினாள். கட்டிலைப் பார்த்தாள்.

"ஒன்பது வருஷமா முழுப்பேர் சொல்லித் திட்டியிருக்கேன், பேர் தப்புமா? ஆர்லிஸ் வேட் ஹாப்குட். இவர்தான். ஆண்டவன் சத்தியம்."

டெல்பர்ட் நெல்டாவை வெளியே நிற்கச் சொன்னார். அதுதான் வழக்கம், பக்கத்தில் யாரும் தலையாட்டக் கூடாது. கதவு முழுவதும் சாத்தவில்லை. நெல்டா நடையில் நின்றாள்.

"ஆர்லிஸ் ஐயா, இது என்ன காகிதம்னு நீங்களே சொல்லுங்க."

நீண்ட மூச்சு ஒன்று போய்வந்தது. "வெர்னீஸ் பக்கத்துல படுக்க அனுமதிச் சீட்டு. முதல் தடவை அதை வாங்கறதுக்கு எனக்கு மூணு வருஷம் ஆச்சு. இந்தத் தடவை சீக்கிரம் முடிங்க தம்பி."

"யாராவது வற்புறுத்தினாங்களா?"

"வலிதான்."

பேனா ஊர்ந்தது. ஹாப்குட் என்பதன் நடுவில் ஒருமுறை நின்றது. பிறகு முத்திரை விழுந்த சத்தம்.

மணி பதினொன்று நாற்பது. டெல்பர்ட் பதிவேட்டை மூடுவதற்குள் நெல்டா ஜன்னலிலிருந்து மருந்தை எடுத்து வந்துவிட்டாள். கன்னத்தின் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஆர்லிஸ் விழுங்கினார்.

"கசக்குது" என்றார். அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். பொய் கலக்காமல் சொன்னதும் அதுதான் என்று ஒலீட்டா பிற்பாடு ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு மூச்சு நின்றது. அடக்கச் சடங்கு நடத்தும் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வண்டியோடு வந்தார்கள். உடலை டென்னசிக்கு அனுப்பச் சொல்லி ரஸ்ஸல் அதற்குள் அவர்களைப் போனில் பிடித்திருந்தான். மூத்தவர் சமையலறை மேசையில் காகிதத்தை விரித்து, முத்திரையை விரலால் தடவி, இரண்டு தரம் படித்தார்.

"சரியா இருக்கு. நீங்க சொல்ற இடந்தான்" என்றார். தன் படிவத்தை எடுத்தார். "இறந்தவருக்கு நீங்க என்ன வேணும்?"

நெல்டா வாயைத் திறந்தாள்.

வேலி ஓட்டை வழியாக வந்த ஒலீட்டா, சாவு வீட்டுக்கென்று சமைத்து, திரும்பி வரட்டும் என்று அடியில் தன் பெயர் எழுதி டேப் ஒட்டிய கோழிக்கறிப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். சூடு தாங்காமல் கையை உதறினாள்.

"மக. எழுதிக்கோ. காலைலேயே ஒரு சத்தியம் பண்ணியாச்சு, இன்னொண்ணு வேணும்னா கையைத் தூக்கறேன்."

மூத்தவர் எழுதிக்கொண்டார்.

வண்டி போன பிறகு, மிச்ச மருந்தைக் கணக்குப் பார்த்துக் கொட்ட நர்ஸ் வந்தாள். கட்டில் தலைமாட்டில் தொங்கிய, மருந்து கொடுத்த நேரம் குறிக்கும் தாளைக் கழற்றினாள். பத்து மணிக் கட்டம் காலியாக இருந்தது.

"இது கொடுக்கலியா?"

நெல்டா தாளை வாங்கி, பேனாவைத் தேடினாள். டெல்பர்ட் மறந்துவிட்டுப் போன பேனா போர்வை மேல் கிடந்தது. காலிக் கட்டத்துக்குள் 11:40 என்று எழுதினாள். எண்களைத் திருத்தமாக, நிதானமாக எழுதினாள்.