ஏழாவது கேள்வியில் ஒரு சொல்

இங்கிலீஷில் அச்சடித்த பள்ளி விண்ணப்பத்தில் ஆறு கேள்விகளை மருந்துக் கடைக்காரி ஊதித் தள்ளிவிட்டாள். ஏழாவதில்தான் வண்டி நின்றது. ‘குழந்தைக்கு நேர்மையை எப்படி இன்ஸ்டில் செய்கிறீர்கள்?’ அந்தச் சொல்லை அவள் தினமும் பார்க்கிறவள்தான். கண் மருந்துப் பெட்டிகளில் இருக்கும்: இரண்டு சொட்டு இன்ஸ்டில் செய்யவும். நேர்மையை எந்தக் கண்ணில் விடுவதாம்?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். இங்கிலீஷ் டீச்சராயிற்றே.

“நல்ல குணத்தைக் கொஞ்சம் கொஞ்சமா மனசுல பதிய வைக்கிறதுக்கும் அதே வார்த்தைதான் அண்ணி. நகருங்க, நானே எழுதித் தரேன்.”

மளமளவென்று எட்டு வரி எழுதினாள். மருந்துக் கடைக்காரி அதை அட்சரம் பிசகாமல் காப்பியடித்தாள். கடைக்கு நேர் எதிரே இருக்கிற பள்ளி அது. இங்கே இடம் கிடைக்காவிட்டால் ஆறு வயது மகள் தினமும் இரண்டு பஸ் மாறி அலைய வேண்டும். என்ன ஆனாலும் இடம் வாங்கியே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

நேர்காணலில் தலைமையாசிரியை ஏழாவது பதிலில் விரல் வைத்தார்.

“பிரமாதமா இருக்கே. நீங்களே எழுதினதா?”

‘ஆமாம்’ என்றால் வேலை முடிந்தது. அது தொண்டை வரை வந்தும் விட்டது. பக்கத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த மகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அம்மாவின் வாயையே பார்த்தாள். அத்தை எழுதியபோது அவளும்தானே கூட இருந்தாள். பாழாய்ப்போன கேள்வி! ஆயிரம் கேள்வி இருக்க, இந்த அம்மாளுக்கு இதுதானா கிடைத்தது? இடம் போனால் போகட்டும், மகள் முன்னால் புளுகுவதில்லை என்று மருந்துக் கடைக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“இல்ல மேடம். என் நாத்தனார் எழுதினது. கண்ணுக்கு மருந்து விடுறதுக்கு மட்டும்தான் எனக்கு அந்த வார்த்தை தெரியும்.”

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எட்டு வரியையும் அடித்தார். காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார்.

“இப்ப நீங்க எழுதுங்க. தமிழ்லயே எழுதலாம்.”

பேனாவைப் பிடித்தாளே தவிர, ஒரு வரியும் ஓடவில்லை. மகள் எக்கி, ஊருக்கே கேட்கிற ரகசியக் குரலில் சொன்னாள்:

“இப்ப செஞ்சியே அம்மா, அதையே எழுதேன்.”

தலைமையாசிரியை சேர்க்கைப் பதிவேட்டை இழுத்துப் பிரித்தார்.