காண்ட் அறுக்கவிடாத வலை

அறவியல் தாளில் இரண்டு முறை கோட்டை விட்டவள் நான். தபால்வழிப் பட்டத்துக்கு அந்த ஒரு தாள்தான் பாக்கி. இதுதான் கடைசி வாய்ப்பு. பத்து மணிக்குப் பொன்னேரியில் பரீட்சை. எங்கள் தீவிலிருந்து படகில் கரைக்குப் போய் பஸ் பிடிக்க வேண்டும். பாதி ஏரியில் என் வீட்டுக்காரர் மோகன்குமார் படகை நேராக எங்கள் தீவுக்கார ரஞ்சித்தின் வலைக்குள் விட்டார். மோட்டார் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. சீட்டுப் போட்டு, இடமும் நாளும் முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பெயர் பாடு.

"அவன் பாடு நாளைக்குனுல்ல நெனச்சேன்!" என்றார்.

"நாள் தெரியாம நீ இன்னாய்யா மீன்காரன்?" என்று கத்தினேன்.

கத்தியை நீட்டினார். "அறுத்துட்டுப் போலாம் ராஜாத்தி. யாரும் பாக்கல. திருவிழா சண்டையிலேர்ந்து அவன் நம்மகிட்ட பேசறதுகூட இல்ல."

கத்தியை வாங்கிவிட்டேன், மறைப்பானேன்? என் பாடப் புத்தகத்துத் தத்துவஞானி பெந்தாம் என்ன சொல்கிறார்? நிறையப் பேருக்கு நிறையச் சந்தோஷம் எதில் என்று பார் என்கிறார். நான் பாஸானால் எங்கள் வீட்டில் நாலு பேருக்குச் சந்தோஷம். ரஞ்சித் வீட்டில் ஏழு பேர். இன்று விட்டால் அவன் முறை வர இருபது நாளாகும். போச்சுடா! சரியென்று அடுத்த பாடத்துக் காண்ட்டிடம் போனேன். எல்லாரும் இதையே செய்தால் உனக்குச் சம்மதமா என்றார் அந்த மனிதர். எல்லாரும் அறுத்தால் ஏரியில் ஒரு வலையும் மிஞ்சாது, என்னுடையதும்தான்.

"படிச்சதே தப்பு!" என்று கத்தியைப் படகில் எறிந்துவிட்டுப் பரீட்சைப் புடவையோடு தண்ணீரில் இறங்கினேன். இடுப்பளவுதான். கண்ணி கண்ணியாக விரலால் பிரித்தேன். அழுகை அழுகையாக வந்தது. பஸ் போயே போய்விட்டது.

கடைசிச் சுற்றைப் பிரிக்கும்போது ரஞ்சித் தன் படகில் வந்தான். வலையைத் தூக்கிப் பார்த்தான், கிழியவில்லை. படகில் கிடந்த கத்தியையும் பார்த்தான். எனக்கு அன்று பரீட்சை என்பது தீவுக்கே தெரியும்.

"வலைய பாத்துக்கோண்ணா" என்று இவரிடம் சொல்லிவிட்டு, என்னைத் தன் படகில் ஏற்றிக் கரை சேர்த்து, அங்கே நிறுத்தியிருந்த பைக்கில் பொன்னேரிக்குப் பறந்தான்.

இருபது நிமிஷம் தாமதம். நல்லவேளை, உள்ளே விட்டார்கள். முதல் கேள்வியே காண்ட். அறுபத்தொன்று வாங்கிப் பாஸாகிவிட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கு மனசு தாங்காது.

அன்று சாயங்காலம் ரஞ்சித் ஒரு கூடை இறாலோடு எங்கள் வாசலுக்கு வந்தான்.

"பரீட்சைல இன்னா அண்ணி கேட்டாங்க?"

"உன் வலைய ஏன் அறுக்கலனு கேட்டாங்க. நாலு பக்கம் எழுதிட்டு வந்தேன்."

அவன் சிரித்தான். "நானா இருந்தா அறுத்திருப்பேன்."

"அடப்பாவி!"

"இனிமே எங்க அறுக்க முடியும் அண்ணி?" என்று கூடையை இறக்கி வைத்தான்.